நடப்படாத மூன்று கற்கள்

சீரங்கக் கவுண்டர் இறந்த செய்தி எட்டு நாள் கழித்துத்தான் எனக்கு வந்தது. மலையடிவாரத்து முள்ளுக்குறிச்சியில் என் அண்ணனின் மிளகுக் கடை வாசலில் நின்றிருந்தேன். மலையிலிருந்து பலாப்பழச் சுமையோடு வந்த ஒருவர் சுமையை இறக்கி வைத்துவிட்டு, துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே, "ஏனுங்க வாத்தியாரே, உங்களுக்குச் சேதி வந்துச்சுங்களா? சீரங்கக் கவுண்டரு போயிட்டாருங்க. குளிர்காய்ச்சல். நாலே நாளு" என்றார்.

"கொள்ளிக் குடம் யார் எடுத்தது?" என்பதுதான் முதலில் என் வாயில் வந்தது.

"தம்பி மகன் எடுத்தானுங்க. வேற யாரு இருக்கறாங்க?"

கடைக்குள் போய் ஒரு மூட்டைமேல் உட்கார்ந்தேன். மரணச் செய்தி கேட்டால் எங்கள் மார்க்கத்தில் ஓதுவதை மனசுக்குள் ஓதினேன். அது அவருக்குச் சேருமா சேராதா என்று யாரும் என்னிடம் விவாதத்துக்கு வர வேண்டாம். எனக்குத் தெரிந்தது அது ஒன்றுதான், அதை ஓதினேன்.

இதைக் கொல்லிமலையில் செம்மேட்டுப் பக்கத்தில் அவரை அறிந்தவர்களுக்காக எழுதுகிறேன். எனக்குப் பின் மலைப்பள்ளிக்கு வந்திருக்கும் வாத்தியாரிடம் கொடுத்தனுப்பி, சந்தையன்று ஊர் கூடும்போது படித்துக்காட்டச் சொல்லியிருக்கிறேன். ராவுத்தர் வாத்தியார் கவுண்டரைப் பற்றி நாலு நல்ல வார்த்தை எழுதியிருப்பார் என்று நினைப்பீர்கள். எழுதியிருக்கிறேன். அதோடு மூன்று வருஷமாக வாய்க்குள் வைத்துப் பூட்டியிருந்த ஒன்றையும் எழுதியிருக்கிறேன். அவர் பெற்ற மகனுக்கும் இன்னும் இரண்டு பையன்களுக்கும் ஊர் கருமாதி செய்யவில்லை அல்லவா, அதைப் பற்றியது. பாதியில் எழுந்து போகாமல் முழுசாகக் கேளுங்கள்.

நான் மலைக்கு மாற்றலாகி வந்த முதல் மாசம் பள்ளிக்கூடத்துக் கூரை ஒழுகியது. ஊர்க்கவுண்டரான அவரே புல்லுக்கட்டோடு வந்து மேலே ஏறிவிட்டார். கீழே நான் பிள்ளைகளுக்கு இங்கிலாந்து தேச சரித்திரம் வாசித்துக்கொண்டிருந்தேன். "ஆங்கிலேயர் பாஸ்ராவில் இறங்கி, பின்னர் பாக்தாதைப் பிடித்தனர்" என்று நான் உரக்கச் சொன்னதும் கூரையில் புல் விலகி ஒரு தலை எட்டிப் பார்த்தது.

"ஏனுங்க வாத்தியாரே, அவங்க பிடிச்சாங்க சரி. சுமை யாருங்க தூக்குனது?"

பிள்ளைகள் கொல்லென்று சிரித்துவிட்டார்கள். எனக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. "கவுண்டரே, நீங்க கூரை வேய வந்தீங்களா, பாடம் கேட்க வந்தீங்களா?" என்று கத்தினேன்.

"கோவிச்சுக்காதீங்க. அந்த ஊர்ல நான் மூணு வருசம் மூட்டை தூக்கியிருக்கறனுங்க. அதுக்குத்தான் பொஸ்தகத்துல எங்களப் பத்தி ஒரு வரியாச்சும் இருக்குதான்னு கேட்டேன்" என்று சொல்லிவிட்டுத் தலையை மேலே இழுத்துக்கொண்டார். புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்தேன். ஒரு வரி கூட இல்லை.

அதற்குப் பிறகு அவர் என்னை விடவில்லை. பள்ளி விட்டதும் வந்து தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டு அந்தப் புத்தகத்தை முதலிலிருந்து வாசிக்கச் சொல்வார். இங்கிலாந்து எங்கெங்கே போய்ச் சண்டை போட்டது என்பதைத் தவிர வேறெதுவும் அவருக்கு வேண்டாம். ராணிகளின் கல்யாணம், பார்லிமெண்டு சட்டம் எல்லாவற்றையும் "அதத் தள்ளுங்க" என்பார். பிரெஞ்சுக்காரனோடு, மைசூரோடு, மராட்டியரோடு, சீக்கியரோடு, அபின் விற்பதற்காகச் சீனாவோடு, எகிப்தில், தென்னாப்பிரிக்காவில், திபெத்தில். பர்மாவோடு மூன்று தடவை என்று வாசித்தபோது, "மூணு தடவையா? ஒரு தடவை பிடிச்சது பத்தலீங்களா?" என்றார். ஆப்கானிஸ்தானத்துக்கும் மூன்று தடவை என்றதும் தலையில் கைவைத்துக்கொண்டார். கடைசிப் பக்கம் முடிந்த அன்று, "வாத்தியாரே, இந்த ஜனங்க ஒரு தலைமுறையாச்சும் ஊட்டுல உக்காந்து நிம்மதியாச் சோறு தின்னிருக்காங்களா?" என்று கேட்டார். அவர் கிண்டலுக்குக் கேட்கவில்லை, நிஜமாகவே பரிதாபப்பட்டார்.

முந்தைய மகாயுத்தத்துக்கு அவர் போன கதையை உங்களில் வயசானவர்கள் அறிவீர்கள். ஐந்து பேர் போனார்கள். போவதற்கு முன் ஊர் கூடிச் சாமியிடம் பூக் கேட்டது. வெள்ளை அரளி ஒரு பொட்டலம், சிவப்பு அரளி ஒரு பொட்டலம்; வெள்ளை வந்தால் போகலாம், சிவப்பு வந்தால் கூடாது. பூசாரி கண்ணை மூடிக்கொண்டு வெள்ளையை எடுத்தார். சாமி உத்தரவு கொடுத்தாயிற்று. உத்தரவோடு போகிறவன் ஊருக்குச் சொந்தம். அவன் காட்டை ஊர் உழும், அவன் பெண்டு பிள்ளைக்கு ஊர் கஞ்சி ஊற்றும், செத்தால் உடம்பு கிடைக்காவிட்டாலும் ஓடைக்கரையில் ஒரு கல்லை நட்டு, பேர் சொல்லிக் கூப்பிட்டு, சாமைச் சோறு வைத்துக் கருமாதி செய்யும். ஐந்து பேரில் நாலு பேர் பாஸ்ராவிலேயே காய்ச்சலிலும் பேதியிலும் செத்தார்கள். ஒருவனும் குண்டடி பட்டுச் சாகவில்லை. கவுண்டர் ஒருவர்தான் திரும்பினார். ஓடைக்கரையில் நாலு கல் நிற்கிறது, நீங்கள் தினமும் பார்க்கிற கல்தான்.

என்னைப் பெற்ற அத்தா துருக்கி சுல்தான் தோற்றதற்காக மூன்று நாள் பட்டினி கிடந்தவர். அதனால் ஒரு தடவை கவுண்டரிடம் கொஞ்சம் வெடுக்கென்றே, "நீங்க தூக்குன மூட்டையாலதான் துருக்கி தோத்துச்சு, தெரியுமா?" என்றேன். அவர் கோபப்படவில்லை. "பிடிபட்ட துருக்கிக்காரனுகளப் பாத்தனுங்க. எங்களாட்டமே காலுக்குச் செருப்பில்லாம நின்னானுங்க. ஒருத்தன் என்ற கையப் பிடிச்சுட்டுத் தண்ணி கேட்டான். குடுத்தேன். அதுக்கு சார்ஜன்ட் என்னை அடிச்சான்" என்றார். அன்றைக்குத்தான் நாங்கள் சிநேகிதர்கள் ஆனோம் என்று நினைக்கிறேன்.

பிறகு இந்த யுத்தம் வந்தது. ரங்கூன் விழுந்தது, அரிசி நின்றது, அடுத்தடுத்து இரண்டு வருஷம் சாமையும் ஏமாற்றியது. காட்டுக்கிழங்கு தோண்டித் தின்றீர்கள், மறந்திருக்க மாட்டீர்கள். அந்த நேரம் பார்த்து ஒரு சந்தை நாளில் ஆள் சேர்க்கிறவர் தமுக்கு அடித்துக்கொண்டு வந்தார். காக்கி நிஜார், தகர டப்பாவில் பிஸ்கோத்து. "சண்டையே கிடையாது. அஸ்ஸாம் பக்கம் மலையில் ரோடு போடுகிறோம். சுமை தூக்கி மலையேறத் தெரிந்த ஆள் வேண்டும். கொல்லிமலைக்காரனை விட்டால் யார் இருக்கிறார்கள்?" என்று பேசினார். ஒன்பது பையன்கள் பேர் கொடுத்தார்கள். கவுண்டரின் ஒரே மகன் பொன்னுசாமி முதல் பேர்.

கவுண்டர் ஊர்க்கூட்டத்தில் எழுந்து மன்றாடினார். "போகாதீங்க சாமி. சண்டை இல்லீன்னுதான் எங்களையும் கூட்டீட்டுப் போனானுங்க. நாலு பேரு எங்க?" என்றார். உங்களில் ஒருவர், பேர் சொல்ல மாட்டேன், "நீங்க மட்டும் போயிட்டு வந்து உக்காந்திருக்கறீங்கல்ல, எங்க பையனுக இங்க கெழங்கு தின்னு சாகோணுமா?" என்று கேட்டீர்கள். கவுண்டர் உட்கார்ந்துவிட்டார். சாமியிடம் பூக் கேட்பது என்று முடிவாயிற்று.

பொட்டலம் யார் கட்டுவது என்பதில் தகராறு. கவுண்டர் கட்டினால் சிவப்பு வந்துவிடும் என்று ஒரு பக்கம் சந்தேகம், பையன்களின் அப்பன்மார் கட்டினால் வெள்ளை வந்துவிடும் என்று மறுபக்கம். கடைசியில் பூசாரியே சொன்னார்: "ராவுத்தர் வாத்தியாரு கட்டட்டும். அவருக்கு நம்ம சாமிகிட்ட ஒண்ணும் வேண்டியதில்லை." எல்லோரும் சரி என்றார்கள். உங்கள் சாமி விஷயத்தில் உங்களையே நம்பாமல் என்னை நம்பினீர்கள். அது எவ்வளவு பெரிய தப்பு என்று இப்போது சொல்கிறேன்.

மறுநாள் காலையில் பிள்ளைகள் வருவதற்கு முன் கவுண்டர் பள்ளிக்கூடத்துக்கு வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. "ரெண்டு பொட்டலத்துலயும் செகப்பு வச்சுப்போடுங்க வாத்தியாரே" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "என்ன பேச்சுப் பேசறீங்க? நான் வேற மார்க்கத்துக்காரன். உங்க சாமி சந்நிதியில நான் மோசடி பண்றதா? அல்லாவுக்கு நான் என்ன பதில் சொல்லுவேன்?"

"எங்க சாமிக்கு நான் பதில் சொல்லிக்கறேன். உங்க சாமிக்கு நீங்க சொல்லிக்குங்க. ஒம்பது பையனுக வாத்தியாரே. வெள்ளை வந்துச்சுன்னா தடுக்கறதுக்கு எனக்கு வழியே இல்லீங்க." அழுதுவிட்டார். பாஸ்ராவைப் பற்றிப் பேசும்போது கூடக் கண் கலங்காத மனுஷன்.

செய்தேன். கட்டுவதை யாரும் பார்க்கக் கூடாது என்பது வழக்கம்; தனியாக உட்கார்ந்து, இரண்டு வாழையிலைத் துண்டிலும் சிவப்பு அரளியையே வைத்து நாரால் கட்டினேன். கொண்டுவந்து பூசாரி முன்னால் வைத்தேன். பூசாரி ஒன்றை எடுத்துப் பிரித்தார். சிவப்பு. எடுக்காத பொட்டலத்தைப் பிரிக்காமல் ஓடையில் விட்டுவிடுவது உங்கள் வழக்கம், அதுவும் தண்ணீரோடு போய்விட்டது. ஆள் சேர்க்கிறவர் எங்களைக் காட்டுமிராண்டிகள் என்று திட்டிவிட்டு இறங்கிப் போனார். அன்று சாயங்காலம் கவுண்டர் எனக்கு ஒரு முழுப் பலாப்பழம் தூக்கிவந்தார். நாங்கள் இருவரும் திருடர்களைப் போலச் சிரித்துக்கொண்டு அதைத் தின்றோம்.

அந்தச் சிரிப்பு ஒரு மாசம் கூட நிற்கவில்லை. ஒரு சந்தை நாளில் அந்த ஒன்பது பேரில் மூன்று பையன்கள் மிளகு விற்கப் போகிறோம் என்று சொல்லிவிட்டு முள்ளுக்குறிச்சிப் பாதையில் இறங்கினார்கள். பொன்னுசாமி, சின்னான், ராமன். சேலத்துக்கு நடந்தே போய்ப் பட்டாளத்தில் கைநாட்டு வைத்துவிட்டார்கள். கீழே என் அண்ணன் கடையில் தண்ணீர் குடிக்க நின்றபோது பொன்னுசாமி சொன்னானாம்: "சாமி வேண்டாங்குது, வயிறு போங்குது. நான் எதுங்க கேக்கறது?" உத்தரவை மீறிப் போனவன் ஊருக்கு இல்லை என்று அவனுக்குத் தெரியும். தெரிந்தே போனான். அது உத்தரவே இல்லை என்பது மட்டும் அவனுக்குத் தெரியாது.

ஒரு கடிதம் வந்தது. யாரோ எழுதிக்கொடுத்தது. கவுண்டருக்கும் அவர் மனைவி நல்லம்மாவுக்கும் நான்தான் வாசித்தேன். இங்கேயும் மலைதான், மழை விடுவதே இல்லை, அட்டை கடிக்கிறது, அரிசிச் சோறு வயிறாரப் போடுகிறார்கள் என்று இருந்தது. கடைசியில், 'அம்மா, சாமிகிட்ட எனக்காக மன்னிப்புக் கேள்' என்று ஒரு வரி. கவுண்டர் எழுந்து வெளியே போய்விட்டார். நல்லம்மா அந்த வரியை மறுபடி வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். அந்த அம்மாள் முகத்தைப் பார்த்துக்கொண்டே வாசித்தேன், என்ன ஜென்மமோ நான்.

அதற்கப்புறம் வந்தது சர்க்கார் கடிதம், இங்கிலீஷில். மூன்று வீட்டுக்கும் ஒரே மாதிரி அச்சடித்த காகிதம், பேர் மட்டும் மாற்றியிருந்தது. நோயால் இறந்தார்கள். எந்த ஊரில், எங்கே புதைத்தார்கள், ஒன்றும் கிடையாது.

மூன்று குடும்பமும் ஊர்க்கூட்டத்தில் வந்து நின்று கல் நட்டுக் கருமாதி செய்ய வேண்டும் என்று கேட்டபோது, தீர்ப்புச் சொல்ல வேண்டியவர் ஊர்க்கவுண்டர். அவரே ஒரு தகப்பன். நல்லம்மா கூட்டத்துக்கு வெளியே நின்று அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். "சாமி வேண்டாம்னு சொன்ன பெறகு போனவனுக்கு ஊரு கல்லு நட முடியாது" என்றார் கவுண்டர். குரல் உடையவே இல்லை. நீங்கள் எல்லோரும் ஆகா, தன் பிள்ளை என்று கூடப் பார்க்காத நியாயஸ்தன் என்று பேசிக்கொண்டீர்கள். நான் பின்வரிசையில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். அந்த நியாயத்தில் ஒரு மண்ணும் இல்லை என்று அங்கே தெரிந்த ஆள் நாங்கள் இரண்டு பேர்தான்.

அவர் பின்னாலேயே ஓடிப்போய்ப் பிடித்தேன். "இப்பவே கூட்டத்துல சொல்லிடறேன். நான்தான் கட்டினேன், ரெண்டும் சிவப்புன்னு சொல்லிடறேன்" என்றேன்.

என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தார். "வாயத் தொறந்தீங்கன்னா உங்களக் கொன்னே போடுவாங்க. கொல்லாட்டியும் உத்தியோகம் போயிரும். உங்க ஆளுங்க ஒருத்தரும் மிளகு வாங்க மலையேற முடியாது. ராவுத்தன் நம்ம சாமியக் கெடுத்துட்டான்னு எத்தன தலைமொறைக்குப் பேசுவாங்க? கேட்டது நானுங்க. நீங்க எனக்காகப் பண்ணுனீங்க. என்ற பையனுக்குக் கல்லு வேண்டாம். போங்க."

போனேன். உத்தமனாக இருந்திருந்தால் போயிருக்க மாட்டேன். அவர் சொன்னதில் எனக்கு வசதியாக இருந்ததைப் பிடித்துக்கொண்டு, அவர் பேச்சுக்குக் கட்டுப்பட்டேன் என்று என்னையே ஏமாற்றிக்கொண்டேன். எனக்குப் பயம், அவ்வளவுதான்.

ஆறு பேரையாவது நிறுத்தினாரே என்று இப்போது உங்களில் யாருக்காவது தோன்றும். எனக்கும் தோன்றியது, அவரிடம் சொல்லியும் பார்த்தேன். அந்த ஆறு பேரில் இரண்டு பேர் அடுத்த வருஷம் வாந்திபேதியில் போனார்கள் என்பதை அவர் நினைவுபடுத்தினார். மீதி நாலு பேர் இதைக் கேட்டுக்கொண்டிருப்பீர்கள். நீங்கள் உயிரோடு இருப்பதற்கு நாங்கள் காரணமா, இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை. அவருக்கும் தெரியவில்லை.

நல்லம்மா அந்தக் கூட்டத்துக்குப் பிறகு அவரோடு பேசவில்லை. சோறு வைப்பார், தண்ணீர் வைப்பார், பேச்சு மட்டும் கிடையாது. நான் மாற்றலாகி இறங்குகிற அன்று அந்த அம்மாள் பள்ளிக்கூடத்து வாசலுக்கு வந்தார். "வாத்தியாரே, எங்க ஊட்டுக்காரரு உங்ககிட்டக் கேட்டுட்டே இருப்பாரே, அந்தச் சண்டைப் பொஸ்தகம். இனிமே புதுசா அடிச்சா என்ற பையன் பேரு அதுல வருமுங்களா? இங்கதான் கல்லு இல்லீன்னுட்டாங்க" என்றார். பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்துவிட்டேன்.

கடைசியாக அவரைப் பார்த்தது போன தை மாசம். யுத்தம் முடிந்து மாசக்கணக்கு ஆகியிருந்தது. என் அண்ணன் கடைக்கு மிளகோடு வந்தவர், என் கையிலிருந்த பேப்பரைப் பார்த்து, "அடுத்தது எங்கயாம்?" என்று கேட்டார். யுத்தம்தான் முடிந்துவிட்டதே என்றேன். "நல்லாப் படிச்சுப் பாருங்க" என்றார். பார்த்தேன். ஜாவாவில் கலகத்தை அடக்க நம் சிப்பாய்களை அனுப்பியிருப்பதாக உள்பக்கத்தில் சின்னதாகப் போட்டிருந்தது. வாசித்துக் காட்டினேன். தலையை மட்டும் ஆட்டினார்.

"சுயராஜ்யம் வரப்போகுது கவுண்டரே. அப்புறம் இதெல்லாம் இருக்காது" என்று, எனக்கே நம்பிக்கை இல்லாமல், சும்மா சொல்லிவைத்தேன்.

"வரட்டுங்க. வந்தா நாமளும் ஒரு பொஸ்தகம் எழுதுவோம். அதுலயும் பிடிச்சவன் பேருதான் இருக்கும்" என்றார். மிளகை நிறுத்து முடித்ததும், "வாரேனுங்க" என்று சொல்லிவிட்டு ஏறுபாதையில் போனார். உடம்பு பாதியாகியிருந்தது. நான் கூப்பிட்டு நிறுத்தியிருக்கலாம். ஒரு வாய் காபி குடித்துவிட்டுப் போங்கள் என்றாவது சொல்லியிருக்கலாம்.

ஒருவர் போன பிறகு அவரிடமிருந்து நமக்கு என்ன மிஞ்சியது என்று சொல்ல வேண்டும் அல்லவா? எனக்கு மிஞ்சியது என் வாத்தியார் உத்தியோகம். மாசம் பிறந்தால் வருகிற சம்பளம், தெருவில் நடந்தால் கிடைக்கிற சலாம், என் அண்ணன் கடை. அத்தனையும் அவர் தன் மகனுடைய கருமாதியையும் தன் மனைவியின் பேச்சையும் விட்டுக்கொடுத்து எனக்குக் காப்பாற்றித் தந்தது. அவர் இருக்கும்வரை வாய் திறக்க அவர் விடவில்லை. இப்போது தடுக்க ஆள் இல்லை. என்னை என்ன செய்ய வேண்டுமோ செய்யுங்கள், முள்ளுக்குறிச்சியில்தான் இருக்கிறேன். என் அண்ணனுக்கும் மற்ற ராவுத்தர்களுக்கும் இதில் எந்தச் சம்பந்தமும் இல்லை.

இதைக் கேட்ட பிறகும் நீங்கள் கல் நடுவீர்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. ஒரு தடவை ஊர் சொன்னது சொன்னதுதான் என்பீர்கள். ராவுத்தன் பேச்சைக் கேட்டு நடுவதா என்பீர்கள். மூன்று பையன்களும் எந்த மழையில் எந்தச் சேற்றில் கிடக்கிறார்களோ, அப்படியே கிடப்பார்கள். ஆனால் நல்லம்மா கூட்டத்தில் எங்கேயாவது ஓரமாக நின்றுகொண்டிருப்பார். இதைப் படிக்கிற வாத்தியாரே, இந்தக் கடைசி வரியை மட்டும் அந்த அம்மாளின் பக்கத்தில் போய் நின்று, அவர் காதில் விழும்படி படியுங்கள். அம்மா, பொன்னுசாமி யாரையும் மீறிப் போகவில்லை, சாமி அவனைப் போகாதே என்று சொல்லவே இல்லை, சொன்னது நானும் உங்கள் வீட்டுக்காரரும்தான்.